பால் நிலையத்துக் குழாயும் கேஸ் லென்ஸும்

அந்த அழைப்பு வந்தபோது நான் பதுளையில் என் வேலைத்தலத்தில் ஒரு ஹோட்டல் படிக்கட்டுக்குக் கைப்பிடியை வெல்டிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தேன். பேசியவர் நமுனுகுலப் பக்கத் தோட்டமொன்றில் பால் நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். அன்று அவருடைய குரலில் நிதானம் இல்லை.

“தம்பி, மூண்டாவது முறையும் பால் திரும்பி வந்திட்டுது. கிருமி கூடிப்போச்சு எண்டு ஃபக்டரியில சொல்லுறாங்கள். நீங்கள் பூட்டின குழாயையும் ஒருக்கா வந்து பாருங்கோ.”

அந்தத் தோட்டத்தில் அறுபது குடும்பங்கள் வரை மாடு வைத்திருக்கின்றன. காலையிலும் பின்னேரமும் கேன்களில் பால் கொண்டுவந்து நிலையத்துத் தாங்கியில் ஊற்றுவார்கள். தாங்கி அதைக் குளிரவைக்கும். மறுநாள் காலை பௌசர் லொறி வந்து தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும். தாங்கியிலிருந்து பம்புக்குப் போகும் குழாய் முன்பு ரப்பராக இருந்தது. அதை எடுத்துவிட்டு நான்கு மாதங்களுக்கு முன் ஸ்டெய்ன்லஸ் குழாய் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது திரும்பி வந்த பாலை வடிகால் கானில் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கான் வெள்ளையாக ஓடியது. கேன்களோடு பத்துப் பதினைந்து பெண்கள் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே பொறுப்பாளரும், தாங்கியையும் குழாயையும் கழுவும் அக்காவும் நின்றார்கள். அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பல வருடம் கொழுந்து பறித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். ஒரு நாளைக்கு இரண்டு முறை குழாயின் பூட்டுகளைக் கழற்றி, சுடுதண்ணீரும் சலவைச் சோடாவும் விட்டுக் கழுவுவது அவர் வேலை.

நான் துணியால் குழாயைத் துடைத்து ஒவ்வோர் ஒட்டாகப் பார்த்தேன். வெளியே எல்லாம் மினுமினுப்பாக இருந்தது.

“வெல்டிங்ல ஒரு கொறையும் இல்லீங்க சேர்” என்றேன்.

அக்கா சுவரோரம் இருந்த வளைவைக் காட்டினார். “தம்பி, வாடை அந்த வளைவுலதான் வருது. கழுவி முடிச்ச தண்ணியிலகூட வருது. மூக்க வச்சுப் பாருங்க.”

நான் மூக்கை வைக்கவில்லை. வாசலில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “குழாயில கொறை இல்ல அக்கா. ஒழுங்காக் கழுவினா வாடை எப்புடி வரும்?” என்று கேட்டேன்.

பொறுப்பாளர் அக்காவைப் பார்த்து, “நாளைக்கு வரவேண்டாம், அம்மா. விசாரிச்சுப்போட்டுச் சொல்லி அனுப்புறன்” என்றார். அக்கா ரப்பர் ஏப்ரனை அவிழ்த்து, ஈரத்தை உதறி, ஆணியில் மாட்டிவிட்டு, அந்தப் பெண்களுக்கு நடுவே நடந்து தொழிலாளர் லயத்துப் பக்கம் போனார். அவர்கள் வழிவிட்டார்கள். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த வளைவை ஒட்டிய நாள் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஸ்டெய்ன்லஸ் குழாயை டிக் வெல்டிங்கில் ஒட்டும்போது கையில் பிடிக்கும் டோர்ச்சிலிருந்து ஆர்கன் வாயு இறங்கி, உருகும் இடத்தில் காற்றுப் படாமல் காக்கும். அது வெளிப்பக்கத்துக்கு மட்டும். பால் போகும் குழாய் என்றால் உள்ளேயும் ஆர்கன் நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கருகிவிடும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. அன்று மழை, சிலிண்டரில் வாயு குறைவு, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். அந்த வளைவுக்கு மட்டும் உள்ளே விடவில்லை. சுவருக்கும் வளைவுக்கும் நடுவில் டோர்ச் சரியாக நுழையவும் இல்லை. சரித்துப் பிடித்து எப்படியோ சுற்றி முடித்தேன். கைப்பிடியும் இரும்புக் கேட்டும் செய்து பழகியவனுக்கு வெளியே பளபளப்பு வந்தால் வேலை முடிந்த மாதிரிதான்.

மறுநாள் காலை கருவிப் பெட்டியைக் கொட்டித் தேடினேன். அன்று வளைவைத் தொடுவதற்கு முன் கரண்டைச் சரிபார்க்க இரண்டு துண்டுக் குழாயை அதே மாதிரி ஒட்டியிருந்தேன். அந்தத் துண்டு அடியில் கிடந்தது. வைஸ் இடுக்கியில் பூட்டி நீளவாக்கில் அறுத்தேன். உள்ளே ஒட்டு நெடுகக் கறுப்பாக, அடிப்பிடித்த சீனிப் பாகு மாதிரிப் பொருபொருத்திருந்தது. ஓரிடத்தில் இரண்டு விளிம்பும் சேராமல், நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. எந்தச் சோடாவும் எந்தப் பிரஷ்ஷும் அதற்குள் போய்ப் பாலை எடுக்காது.

அதைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்துவிடலாம் என்று தோன்றியது. ‘குழாயை இன்னும் நல்லதாக மாற்றித் தருகிறேன்’ என்று சொல்லி வளைவை வெட்டி எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படியே செய்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஒத்துக்கொண்டும் விட்டேன், உண்மையைச் சொல்ல வேண்டுமானால். பொறுப்பாளருக்குப் பேசுவதை விடக் கடைக்குப் போவது சுலபமாக இருந்ததால், முதலில் எழுந்து கடைக்குத்தான் போனேன்.

பதுளை பஜாரில் வெல்டிங் சாமான் விற்கும் முதலாளி என்னைப் பல வருடமாகத் தெரிந்தவர். கேஸ் லென்ஸ் வேண்டும் என்றதும், “படிக்கட்டு அடிக்கிற ஒங்களுக்கு எதுக்குங்க அது?” என்று சிரித்தார்.

“பால் குழாய்” என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மூன்று பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தார்.

கேஸ் லென்ஸ் என்பது டோர்ச்சின் வாயில் பொருத்தும் சிறிய பித்தளைத் துண்டு. அதற்குள் நுண்ணிய கம்பிவலை அடுக்கடுக்காக இருக்கும். சாதாரண டோர்ச்சில் ஆர்கன் சுழன்றடித்து வெளியே வரும். இதில் வலையூடாக வருவதால் அலையாமல் நேராக இறங்கும். அப்படி இறங்கினால் டங்ஸ்டன் ஊசியை, டோர்ச்சின் வாயைச் சுற்றியிருக்கும் கப்புக்கு வெளியே இன்னும் நீட்டிப் பிடிக்கலாம். டோர்ச் நுழையாத இடத்துக்கு ஊசி போகும். எனக்கு வேண்டியது அதுதான்.

“பெருசக் கொண்டு போங்க. கப்பு அகலம். கலர் தங்கம் மாதிரி வரும்” என்றார் முதலாளி.

கையோடு குழாய்த் துண்டைக் கொண்டுபோயிருந்தேன். சுவருக்கும் வளைவுக்கும் இடையே இரண்டரை விரல் இடம். குழாயைக் கடைச் சுவரோடு அதே தூரத்தில் பிடித்துப் பெரிய கப்பை நுழைத்துப் பார்த்தேன். பாதியில் முட்டி நின்றது. நுழைந்திருந்தாலும் அதற்கு வாயு அதிகம் வேண்டும். “ஆர்கன் எப்ப வரும்?” என்று கேட்டேன்.

“மண்சரிவு. கொழும்பு லொறி இன்னும் ரெண்டு மூணு நாளைக்கு வராது. எங்கிட்டயும் ஒண்ணும் இல்ல.”

என்னிடம் பாதிக்கும் குறைவான ஒரு சிலிண்டர் இருந்தது. அதிலேதான் டோர்ச்சுக்கும் குழாயின் உட்புறத்துக்கும் பிரித்துவிட வேண்டும். ஆகவே பெரியது கழிந்தது. இரண்டாவது, அளவில் சிறியது, ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது வலை ஓரத்தில் நெளிந்திருந்தது. நெளிந்த இடத்தில் வாயு கோணலாகப் போகும். மூன்றாவது கட்டையானது, மெல்லிய ஊசிக்குரியது, வலை சீராக இருந்தது. கப்பு சுவருக்கும் குழாய்க்கும் நடுவே நுழைந்து திரும்பியது. அதை எடுத்தேன்.

“இதுக்குன்னு ஒரு வெள்ளை வளையம் இருக்கு பாருங்க. பழைய வளையத்தோட பூட்டிடாதீங்க, காத்து இழுத்துரும்” என்று முதலாளி பொட்டலத்தைத் தட்டிக் காட்டினார்.

வேலைத்தலத்தில் அதைப் பூட்டி, ஊதுபத்திப் புகையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். சாதாரணக் கப்பில் புகை கலைந்து கப்புக்குள்ளேயே இழுபட்டது. லென்ஸ் போட்டதும் புகை விலகி நின்றது. மீதித் துண்டுக் குழாயில் உள்ளேயும் வாயு விட்டு ஒட்டி அறுத்துப் பார்த்தேன். உள்ளே மெல்லிய வைக்கோல் நிறத்தில் தட்டையாக ஒரு கோடு மட்டும் இருந்தது. கறுப்புத் துண்டையும் இதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. போனை எடுத்தேன்.

“சேர், கொறை என் வெல்டிங்லதான். கழுவுன அக்கா மேல ஒண்ணும் இல்ல. அவங்கள திரும்பக் கூப்பிடுங்க.”

“நேற்று எல்லாருக்கும் முன்னால குறை இல்லை எண்டு சொன்னனீர்” என்றார். ‘நீங்கள்’ என்பது ‘நீர்’ ஆகிவிட்டது. “நான் அவவைப் பற்றி மேலிடத்துக்கு எழுதியும் போட்டன். நாளைக்கு வாரும். பௌசர் ஒன்பது மணிக்குப் போகும். பின்னேரப் பால் மூண்டு மணிக்கு வரும். அதுக்கிடையில முடிக்க ஏலுமோ?”

“முடிப்பேன் சேர்.”

“முடியாட்டி அறுபது வீட்டுப் பாலையும் நான் எங்க ஊத்துறது?”

போனை வைத்ததும் ஹோட்டல்காரர் கைப்பிடி கேட்டு வாசலில் வந்து நின்றார். டோர்ச்சைப் பழைய கப்புக்கு மாற்றி அந்த வேலையை அவசரமாக முடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை த்ரீவீலில் மெஷினையும் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு போனேன். முதலில் லயத்துக்குத்தான் போனேன். அக்கா வாசலில் மாட்டுக்குப் புல் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு மாடு இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திரும்பி வந்த பாலில் அவருடைய பாலும் இருந்திருக்கிறது.

“அக்கா, தப்பு என்மேலதான். மன்னிச்சிருங்க.”

அவர் கத்தியை நிறுத்தவில்லை. “மன்னிப்பு இருக்கட்டும். இன்னைக்கு அந்த வளைவ வெட்டுறீங்களா?”

“ஆமாக்கா.”

“அப்ப வாறேன். ஒங்களுக்காக இல்ல. உள்ள என்னா இருந்துச்சுன்னு என் கண்ணால பாக்கணும்.”

பௌசர் ஒன்பதே காலுக்குத்தான் நகர்ந்தது. குழாயைக் கழற்றி வளைவை வெட்டினேன். வெட்டும்போதே வாடை வந்துவிட்டது. அக்கா துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உள்ளே விரலை விட்டார். விரல் நுனியில் மஞ்சளாக, மசமசவென்று ஒட்டியது. நேரே பொறுப்பாளரின் மேசைக்குப் போய், அவர் எழுதிக்கொண்டிருந்த கடுதாசி மேல் அதை வைத்தார்.

“மூக்க வச்சுப் பாருங்க சேர்.”

அவர் முகர்ந்தார். முகத்தைத் திருப்பினார். “மன்னிக்க வேணும் அம்மா” என்று மட்டும் சொன்னார். அக்கா ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

புது வளைவின் ஒரு பக்கத்து ஒட்டை மேசை மேல் வைத்தே போட முடிந்தது. ஆனால் தாங்கியிலிருந்து வரும் குழாயோடு சேரும் ஒட்டைச் சுவரோரம் வைத்துத்தான் போட வேண்டும். மேசை வேலைக்குப் பழைய கப்பே போதும் என்று, உள்ளே ஆர்கன் விட்டு அதிலேயே போட்டேன். உள்ளே பார்த்தால் சுத்தம். மணி பதினொன்றரை. சுவரோர ஒட்டுக்குக் குழாயின் இரு முனையையும் டேப்பால் அடைத்து, உள்ளே ஆர்கன் விட்டு, டோர்ச்சில் லென்ஸை மாற்றினேன். முதல் புள்ளி ஒட்டு வைத்தேன். சாம்பல் நிறமாக வந்தது, காற்றுப் பட்ட அடையாளம்.

தேய்த்துவிட்டு இன்னொன்று வைத்தேன். அதுவும் சாம்பல். வாயுவைக் கூட்டினேன். இன்னும் மோசமானது. மலைக்காற்று வருகிறதென்று கதவை மூடச் சொன்னேன். மாற்றமில்லை. சிலிண்டரின் கேஜ் முள் இறங்கிக்கொண்டிருந்தது. டோர்ச்சைக் கழற்றிப் பார்த்தபோது லென்ஸுக்கும் டோர்ச் தலைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. பழைய வளையம். ஹோட்டல்காரருக்காக மாற்றியபோது புது வளையத்தைக் கழற்றி வைத்தது, பதுளையில் என் மேசையில் கிடந்தது.

போய்வர இரண்டரை மணி நேரம் ஆகும். பொறுப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். “புது வளையத்தப் பதுளையில விட்டுட்டு வந்துட்டேன் சேர்” என்றேன்.

“என்னா சாமான் அது?” என்று அக்கா கேட்டார்.

“டெஃப்லான் வளையம். வெள்ளையா, வழுவழுன்னு இருக்கும். சூடு தாங்கும்.”

அவர் அலமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். குழாய்ப் பூட்டுகளுக்குப் போடும் வாஷர்கள். கறுப்பு ரப்பர்களைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து இரண்டு வெள்ளை வாஷர்களை எடுத்தார். “இது ரப்பர் இல்ல. சுடுதண்ணிக்கும் வளையாது. பழைய பம்புக்கு வந்தது.”

நகத்தால் அழுத்திப் பார்த்தேன். டெஃப்லான்தான். அக்கா அதைப் பலகையில் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் கூர்க்கத்தியால் வட்டம் வெட்டினேன். முதலாவது பிசகிக் கிழிந்தது. மிச்சமிருந்தது ஒன்றுதான். அதை மெதுவாக வெட்டி எடுத்தேன். மணல் தாளில் தேய்த்துத் தேய்த்துப் பூட்டியதும் லென்ஸ் தலையோடு இறுகி உட்கார்ந்தது.

மணி ஒன்று பத்து. வாயுவைப் பாதிக்குக் குறைத்தேன், இருப்பது அவ்வளவுதான். அக்கா ஒரு தார்ப்பாய்ப் படங்கை விரித்து எனக்குப் பின்னால் காற்றை மறைத்துப் பிடித்தார். புள்ளி ஒட்டு வெளுத்த பொன்னிறத்தில் வந்தது.

முன்பக்கம் சுலபம். பின்பக்கத்துக்குச் சுவரோடு கன்னம் ஒட்டப் படுத்து, சிறு கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து ஒட்டினேன். கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரியும். கை போக நினைக்கிற பக்கத்துக்கு எதிரே போக வேண்டும். முன்பு சரித்துப் பிடித்து ஏமாற்றிய இடம் அதுதான். இப்போது ஊசி நீட்டி நின்று அந்த இடத்தைத் தொட்டது. “கேஜ் எங்க நிக்கிது?” என்று கேட்டேன். “செவப்புக் கோட்டுக்கிட்ட” என்றார் அக்கா. கொஞ்சம் கழித்து, நான் கேட்காமலே, “கோட்டுக்குக் கீழ” என்றார். கடைசி அரை அங்குலத்தைக் கையை அவசரப்படுத்தாமல் ஒட்டி, சூடு தணியும்வரை டோர்ச்சை எடுக்காமல் பிடித்திருந்தேன். எடுத்தபின் சிலிண்டரில் சீறல் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

டோர்ச் லைட்டை ஒரு முனையில் வைத்து மறு முனை வழியாகப் பார்த்தேன். பிறகு அக்காவிடம் கொடுத்தேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

“வழுக்குது” என்றார்.

மணி இரண்டே முக்கால். சோடாத் தண்ணீர் கொதித்துக் கழுவி முடிக்க இன்னும் நாற்பது நிமிடம் வேண்டும். மூன்று மணிக்குப் பெண்கள் கேன்களோடு மூடுபனியில் வரிசையில் நின்றார்கள். “கழுவி முடியுற வரைக்கும் ஊத்த விடமாட்டேன்” என்று அக்கா வாசலில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். முதல் கேன் தாங்கிக்குள் போனபோது மணி மூன்று முப்பத்தைந்து.

அதன்பின் இரண்டு நாள், போன் அடித்தால் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்தேன். மூன்றாம் நாள் பொறுப்பாளர் பேசினார். பால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மேலிடத்துக்குப் புதிதாகக் கடிதம் எழுதிவிட்டதாகவும் சொன்னார். அடுத்த வாரமும் ஒன்றும் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் அக்காவே பேசினார். “ஞாயித்துக்கெழம பால் சங்கத்துக் கூட்டம். அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னீங்கல்ல. இதையும் எல்லாருக்கும் முன்னால வந்து சொல்லுங்க.”

போனேன். கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் அறுபது குடும்பமும் இருந்தது. வெட்டியெடுத்த வளைவை எடுத்துக் காட்டி, “உள்ளே ஆர்கன் விடாமல் ஒட்டியது நான், அக்கா கழுவியதில் குறையில்லை, வாடை இருக்கிறது என்று அவர் சொன்னபோது நான் கேட்கவில்லை” என்று சொன்னேன். அந்த வளைவு கைமாறிக் கைமாறி வரிசைகளில் போனது. சிலர் உள்ளே பார்த்தார்கள். ஒரு பெரியவர், “எங்க பாலு மூணு தடவ கான்ல போச்சு” என்றார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து அக்காவைப் பார்த்தார். “நாங்களும் அன்னைக்கு வாயத் தொறக்கலையே” என்றார்.

அக்கா தலையை ஆட்டினார். “சரி, அடுத்த விசயத்தப் பேசுங்க. சோடா முடியப் போகுது” என்றார். கூட்டம் சோடா வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கியது.